கடைசிக் கல்லில் இருப்பவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது; ஒரு மனுசனுக்கு அது போதும். ஊரில் எல்லோரும் அவரைத் தலைவர் என்றார்கள். எதற்குத் தலைவர் என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் பதில் சொல்லத் திணறுவோம். மீனவர் சங்கத்துக்கு அவர் தலைவர் இல்லை. அந்தோனியார் கோவில் சபைக்கும் இல்லை. பிரதேச சபைக்கு ஒருமுறை தேர்தல் கேட்டுத் தோற்றவர். ஊரில் யாராவது செத்தால் மட்டும் அவர்தான் தலைவர்.

எனக்குக் கதிரை, பந்தல், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில். கற்பிட்டி றோட்டில் எங்கள் சந்தியில் கடை. கடைக்கு நேர் எதிரே ஆமித் தூபி, சண்டையில் செத்த பொடியன்களுக்கு எழுப்பியது. கல்யாணத்துக்கும் சாவுக்கும் என் கதிரைகள்தான் போகும். கூடவே நானும் போவேன். ஆகையால் நான் அவரைப் பார்த்த அளவுக்கு அவருடைய பெண்சாதிகூடப் பார்த்திருக்க மாட்டா. பார்த்துப் பார்த்து எனக்கு மிஞ்சியது அருவருப்புத்தான். கோபமென்றால் ஒரு பெருநாளில் கட்டிப்பிடித்து ஸலாம் சொன்னதும் போய்விடும். இது சோற்றில் தலைமயிர் கண்டால் வருவது. அன்றைக்கு முழுக்கத் தொண்டையில் நிற்கும்.

அவர் அழுவார். சாவு வீட்டில் அழாதவர் யார் என்று கேட்கலாம். அவர் அழுவது வேறு வகை. வெள்ளைக் கைலேஞ்சி ஒன்று, நாலாக மடித்து ஸ்திரிக்கை போட்டது, சட்டைப் பையில் நுனி தெரிய எப்போதும் இருக்கும். நேரே பிரேதத்தின் தலைமாட்டுக்குப் போவார். ஆட்கள் திரும்பிப் பார்க்கும் வரைக்கும் பேசாமல் நிற்பார். பிறகு இடது கண்ணிலிருந்து ஒரு சொட்டு இறங்கும். எப்போதும் இடது கண்தான் முதலில். அதன் பிறகு "என்ட பிள்ளை" என்று ஒரு குரல் வரும் பாருங்கள், பெற்ற தாயே தன் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பா. செத்தவருக்கு எண்பது வயதென்றாலும் என்ட பிள்ளைதான்.

அழுது முடிந்ததும் பந்தலின் பின்பக்கம் வருவார். என் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று இஞ்சி போட்ட பிளேன்டீ ஒன்று குடிப்பார். அப்போது குரல் சாதாரணமாக இருக்கும். மைக் கொஞ்சம் கரகரக்கிறது, அடுத்த தரம் பார்த்துக்கொள் என்பார். தன்னுடைய பேச்சு வீடியோவில் முழுதாக விழுந்ததா என்று விசாரிப்பார். லேஞ்சியை நான் பல தரம் உற்றுப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளாவது அதன் மடிப்புக் கலைந்திருந்ததில்லை.

என் வாப்பா மௌத்தான அன்றைக்கும் வந்தார். எங்கள் வழக்கத்தில் மையித்து வைத்த சந்தூக்குப் பெட்டியைச் சுமப்பது எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய நன்மை. கொஞ்ச தூரம் சுமந்துவிட்டுத் தோளை மாற்றிக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் வருகிறவர்கள் அதற்காகவே காத்து நடப்பார்கள். தலைவர் சந்தூக்கின் முன்பக்கக் காலைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. என் சாச்சா தோளைத் தட்டிப் பார்த்தார். பள்ளிவாசல் பெரியவர் சைகை காட்டிப் பார்த்தார். கத்தோலிக்கரான இவர் "என்ட வாப்பா, என்ட வாப்பா" என்று எங்கள் சொல்லிலேயே அழுதுகொண்டு பள்ளிவாசல் படி வரைக்கும் போனார். ஜனாஸாவுக்கு முன்னால் சத்தம் போட்டு அழக் கூடாது என்று மௌலவி காதோடு சொன்னதற்குத் தலையை ஆட்டிவிட்டு, மெல்லிய குரலில் தொடர்ந்தார். பெற்ற மகன் நான் பின்னால் வெறுங்கையோடு நடந்தேன். அவரை வாய்க்காலில் தள்ளிவிட வேண்டும்போல இருந்தது. அடுத்த பெருநாளுக்கு வட்டிலப்பம் சாப்பிட வந்தபோது என் உம்மாவிடம் சொல்கிறார், உங்கட மாப்பிள்ளைய, இவன்ட வாப்பாவ, நான்தான் சுமந்தது எண்டு.

அவரை விட்டால் ஆளில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடலில் போனவன் திரும்பவில்லையென்றால் நேவியோடு கதைக்க அவர். புத்தளம் ஆஸ்பத்திரிச் சவச்சாலையில் பிரேதத்தை விடுவிக்க அவர். மரண விசாரணைக்காரரை வீட்டில் போய்ப் பிடித்து வர அவருடைய வான். சிங்களம் தண்ணீர் மாதிரி ஓடும். கஷ்டம் வந்த வீட்டுக்கு முதலில் வந்து நிற்கிறவரும் அவர்தான். வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாதபடி உபகாரம் செய்வார். செய்து முடித்ததும் அந்த வீட்டுச் சாவு அவருடையதாகிவிடும்.

வடக்கில் சண்டை நடந்த காலத்தில் எங்கள் கரையில் பொடியன்களுக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று ஆமி. மற்றது இத்தாலி. இத்தாலிக்குப் போகக் காணி விற்க வேண்டும், வள்ளம் விற்க வேண்டும். ஆமிக்குப் போக ஒன்றும் விற்கத் தேவையில்லை. ஆள் சேர்க்கிற முகாமுக்குப் பொடியன்களைத் தலைவர் தன் வானிலேயே ஏற்றிப் போவார். எங்கட பிள்ளைகளுக்குச் சிங்களம் கதைக்கத் தெரியும், பெர்னாண்டோ எண்டு பேரும் இருக்கு, வேறென்ன வேணும் என்பார். வானுக்குள்ளே பாட்டுப் போடுவார். வழியில் பாணும் பருப்பும் வாங்கிக் கொடுப்பார். தாய்மார் கோவில் வாசலில் நின்று கையசைப்பார்கள்.

அவருக்கும் ஒரு மகன், அதே வயது. அவனை இத்தாலிக்கு அனுப்பினார். அனுப்புகிற அன்றைக்கு வீட்டில் விருந்து. என் கதிரைகள்தான் போயின. அன்றைக்கு லேஞ்சி பையில் இல்லை. சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் பரிமாறினார். சாப்பிட வந்த ஒரு கிழவர், கொஞ்சம் போட்டிருந்தவர், உன்ட மகனை மட்டும் ஏன் மற்றப் பக்கம் அனுப்புகிறாய் என்று கேட்டுவிட்டார். தலைவருக்குச் சிரிப்பு மாறவில்லை.

"எல்லாரும் உயிர் குடுக்க ஏலுமா?" என்றார். "குடுத்தவங்கள நினைக்கிறதுக்கும் ஆள் வேணுமே."

நான் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் தட்டை அப்படியே வைத்துவிட்டேன். கிழவர் மட்டும் தலையாட்டிக்கொண்டு சாப்பிட்டார்.

அந்த வானில் போனவர்களில் ஒருவன் ரீத்தா அக்காவின் மகன். ஊரில் சுருட்டை என்றால்தான் தெரியும், தலைமயிர் அப்படி. எங்கள் கரையில் பெயரைச் சொல்லி ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. கத்தோலிக்க வேதக்காரர் வீடென்றால் பாதிக்கு மேல் பெர்னாண்டோ. ஆகையால் ஆளுக்கொரு பட்டம், வீட்டுக்கொரு பட்டம். பெயருக்கு முன்னால் நிற்கிற முதலெழுத்துகளையெல்லாம் ஞானஸ்நானம் கொடுத்த பாதரைத் தவிர வேறு யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. பிற்பாடு தலைவருக்கு வசதியாகப் போனது இதுதான்.

ரீத்தா அக்காவுக்குக் கருவாட்டு வாடியில் மீன் வெட்டிக் காயப்போடும் வேலை. புருசன் வெள்ளனவே செத்துப் போய்விட்டார். கையெல்லாம் உப்பு வெடிப்பு. சிங்களம் சந்தையில் பேசுகிற அளவுக்கு நன்றாகப் பேசுவா. ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. அந்த வெள்ளை லேஞ்சி உண்மையில் பாவிக்கப்பட்டதை நான் ஒரே ஒரு தரம் கண்டிருக்கிறேன். ஒரு கூட்டத்துக்கு அக்கா வாடியிலிருந்து நேரே வந்து தலைவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்துவிட்டா. அவர் அதை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சுருட்டை வடக்கில் ஒரு சண்டையில் காணாமற் போனான். பிரேதம் வரவில்லை. காணவில்லை என்று ஒரு கடிதம் வந்தது. செத்ததாக எடுத்துக்கொள்ளச் சொல்லி மற்றக் கடிதம் வர எத்தனையோ வருசம் சென்றது. அந்த இரண்டு கடிதத்துக்கும் நடுவில்தான் சந்தியில் தூபி எழும்பியது.

ஊரே சேர்ந்து கட்டியது அது. மணல் ஒருவர், சீமெந்து ஒருவர், மேசன்மார் சும்மா வந்து வேலை செய்தார்கள். நடுவில் வெள்ளைத் தூண், உச்சியில் ஆமித் தொப்பி. தூணின் அடியைச் சுற்றி ஆளுக்கொன்றாகக் கறுப்புக் கல், ஒவ்வொரு கல்லுக்கும் கீழே பூ வைக்க ஒரு சின்னத் தட்டு. கல்லில் சிங்களத்தில் பதவியும் முதலெழுத்தும் பெயரும். சுற்றிவர முழங்கால் உயரத்துக்குச் சங்கிலி. றோட்டுப் பக்கம், எல்லோருக்கும் தெரிகிற கடைசிக் கல்லில், பொன்வண்ணம் பூசி, மற்ற எழுத்தைவிடப் பெரிதாகத் தலைவருடைய பெயர். கட்டுவித்தவர் என்று அதற்கு மேலே ஒரு சொல். கட்டுவித்தவன் பெயர் எங்கேயும் போடுவதுதானே என்று ஊரும் விட்டுவிட்டது.

அந்த இடத்தில் தமிழில் எழுதியிருந்தது ஒன்றே ஒன்று. சங்கிலியில் தொங்கிய தகரத்தில்: இங்கே மெழுகுதிரி ஏற்ற வேண்டாம்.

எங்கள் ஊர் வேதக்காரருக்கு மெழுகுதிரி இல்லாமல் செத்தவரை நினைக்கத் தெரியாது. மரித்தோர் திருநாளன்று பார்த்தால் சவக்காலையில் கல்லறை முழுக்க வெளிச்சமாக இருக்கும். கடலோடு போனவர்களுக்குக் குழி இல்லை. அவர்களுக்காகச் சவக்காலை நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் காலடியில் ஏற்றுவார்கள். இதில் ஒரு கண்டிப்பு உண்டு. செத்தவருக்குத்தான் ஏற்றலாம். உயிரோடு இருக்கிறவனுடைய பெயருக்கு நேரே திரி வைத்தால் அவனுக்குச் செத்தவீடு வைத்த மாதிரி. சின்னப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் செய்தாலும் வாயிலே அடி விழும். முஸ்லிமான எனக்கே சின்ன வயதிலிருந்து இது தெரியும்.

தூபி கட்டிய முதல் வருசம் தாய்மார் அங்கேயும் ஏற்றினார்கள். அடுத்த நாள் விடிய நான் கடை திறக்கும்போது தலைவர் சங்கிலிக்கு உள்ளே குந்தியிருந்து சவர அலகால் மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கல்லெல்லாம் கறை, படிப்பில்லாத சனம் என்று முணுமுணுத்தார். அதன் பிறகுதான் அந்தத் தகரம் தொங்கியது. அடுத்த வருசம் தாய்மார் பூ மட்டும் கொண்டுவந்தார்கள்.

ஒவ்வொரு மே மாதமும் கூட்டம் நடக்கும். ஆமிப் பெரியவர் ஒருவர் வருவார். பெரியவருக்கும் பிரமுகர்களுக்கும் பந்தல். தாய்மாருக்கு முன்வரிசை, ஆனால் பந்தலுக்கு வெளியே, மேற்கைப் பார்த்து. முதல் வருசம் பந்தலை இழுத்து அவர்களுக்கும் நிழல் போட்டேன். தலைவர் வந்து அவிழ்க்கச் சொன்னார். வெயில் முகத்தில் விழுந்தால்தான் கண்ணீர் வீடியோவில் தெரியும் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை, கதிரை அடுக்குகிற விசயம் மாதிரித்தான் சொன்னார்.

ரீத்தா அக்காவுக்கு இரண்டாவது கடிதம் வந்த அன்றைக்கு அவ அதை எடுத்துக்கொண்டு தலைவரிடம் ஓடினா. அவர் அக்காவை முழங்கையில் பிடித்துத் தூபிக்குக் கூட்டி வந்தார். நான் கடைக்குள்ளிருந்து பார்த்தேன். மூன்றாவது கல்லுக்கு முன்னால் நிறுத்தினார். இடது கண் தொடங்கியது. "இதுதான் உன்ட மகன்" என்றார். என்ட பிள்ளை என்றும் சொன்னார். அக்கா எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினா, சின்னப் பிள்ளை எழுதப் பழகுகிற மாதிரி.

அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமை தவறுவதில்லை. அந்தோனியார் பூசை முடிந்து வருவா. போத்தலில் தண்ணீர் கொண்டுவந்து கல்லைக் கழுவி, முந்தானையால் துடைத்து, நித்தியகல்யாணிப் பூவைத் தட்டில் வைப்பா. வாடியில் நடந்தது, மழை பெய்தது, மீன் பட்டது படாதது எல்லாம் அந்தக் கல்லுக்குச் சொல்லுவா. மெழுகுதிரி மட்டும் ஏற்றியதில்லை. தகரத்தில் எழுதியிருக்கிறதே. பிள்ளையின் இடத்துக்குக் கறை பிடிக்கக் கூடாதே.

சில வருசம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளை வான் ஒன்று வந்து சந்தியில் நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பொம்பிளையும் இரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள். பிள்ளைகள் இத்தாலிப் பாஷையில் சண்டை பிடித்தன. அந்தப் பொம்பிளை மூன்றாவது கல்லுக்கு முன்னால் வந்து நின்று, பூவைப் பார்த்து, ரீத்தா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டா. எங்கட அண்ணனுக்கு ஆருமில்லை என்று நாங்கள் அங்கே இருந்து கவலைப்பட்டோம், நீங்கள் ஆரம்மா புண்ணியவதி என்று கேட்டா. ரீத்தா அக்காவுக்கு விளங்கவில்லை. இது என்ட மகன் என்றா. பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

வந்தவ அண்ணனுடைய மரணச் சான்றிதழைப் போனில் எடுத்துக் காட்டினா. கல்லில் இருந்த முதலெழுத்தும் பெயரும் அதுவேதான். அவர்கள் எங்களுக்கு அடுத்த ஊர்க்காரர். குடும்பமே இத்தாலிக்குப் போய்விட்டது. இரண்டு பேரும் பெர்னாண்டோ. சிங்களம் வாசிக்கத் தெரிந்த நான் நாள் தவறாமல் அதற்கு எதிரே இருந்தவன். சுருட்டையின் முதலெழுத்து என்னவென்று எனக்குத் தெரிந்தால்தானே சந்தேகம் வர.

"மத்ததுகள வாசி தம்பி" என்றா ரீத்தா அக்கா.

சுற்றி நடந்து ஒவ்வொரு கல்லாக வாசித்தேன். அக்கா பக்கத்தில் வந்தா. ஒவ்வொரு பெயருக்கும் தலையை இல்லையென்று ஆட்டினா. கடைசிக் கல்லுக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். இதில் என்ன எழுதியிருக்கு என்று கேட்டா.

"அது தலைவர்ட பேரு அக்கா."

"அவர் சாகல்லியே" என்றா.

யாரோ சொல்லி, தலைவர் அதற்குள் வந்துவிட்டார். மறைக்கவேயில்லை. எனக்கு இன்றைக்கும் குமட்டுவது அதுதான். சுருட்டைக்கும் சேர்த்துத்தான் கல் எடுத்தோம், ஆனால் அப்போது செத்த கடிதம் வரவில்லையே என்றார். காணாமற் போனவனுக்குக் கல் வைக்க முடியாதென்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். ஒரு கல் மிச்சமாகக் கிடந்ததாம். வெறும் கல்லை வைத்தால் அவலட்சணமாக இருக்காதா என்று எங்களையே கேட்டார். கடிதத்தோடு அக்கா அழுதுகொண்டு வந்தபோது ஆறுதலுக்காக அந்த மற்றப் பெர்னாண்டோவைக் காட்டினாராம். அந்தக் குடும்பம் இந்தப் பக்கம் வராதென்று நினைத்தாராம். பிறகு ரீத்தா அக்காவின் தோளில் தட்டினார்.

"ரெண்டும் பெர்னாண்டோதானே பிள்ள. பூவுக்குத் தெரியுமா ஆருக்கு எண்டு?"

ரீத்தா அக்கா கையில் மிச்சமிருந்த பூவை அந்த இத்தாலிப் பொம்பிளையிடம் கொடுத்தா. போத்தலை எடுத்துக்கொண்டு வாடிப் பக்கம் நடந்தா. போகும்போது செருப்பை மறந்துவிட்டுப் போனா. நான்தான் எடுத்து வைத்திருந்து பிறகு கொடுத்தேன்.

அடுத்த கிழமை அக்கா தலைவருடைய வீட்டுக்குப் போய்க் கேட்டா. உங்கட கல்லை எடுத்துவிட்டு என்ட மகனுடையதை வையுங்கள், எனக்குத் திரி வைக்க ஒரு இடம் வேண்டும், குழியும் இல்லை, கல்லும் இல்லை என்றா. வேறொன்றும் கேட்கவில்லை. அதே நிறத்தில் கல் கிடைக்கவில்லை என்றார். பிறகு கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும் என்றார். பிறகு மழை முடியட்டும் என்றார். ஊரில் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்கவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து பிரேதம் எடுக்க அவர் வேண்டுமே.

மே மாதம் வந்தது. அந்த வருசம் மிகப் பெரிய ஆள் ஒருவர் வருவதாக இருந்தது, டிவிக்காரரும் வருவார்கள். தாய்மார் சார்பில் மலர் வைக்க ஒருவர் தேவை. மற்றத் தாய்மார் கிழண்டு போனார்கள், சிலர் செத்தும் போனார்கள். தலைவர் ரீத்தா அக்காவிடம் போய் நின்றார். கல்லை மாற்றினால் வருவேன் என்றா. கூட்டத்துக்கு முன் மாற்றித் தருவதாக அந்தோனியார் மேல் சத்தியம் பண்ணினார். கூட்டத்தன்று விடிய நான் கதிரை இறக்கும்போது பார்த்தேன். அதே கல். பொன்வண்ணம் மட்டும் புதிதாகப் பூசியிருந்தது.

அக்கா வந்தா. வெள்ளைச் சாரி, முன்வரிசையில் வெயிலில் இருந்தா. தலைவர் மைக்கைப் பிடித்தார். இடது கண், பிறகு வலது கண், பிறகு என்ட பிள்ளைகள். வந்த பெரியவர் தலை குனிந்து கேட்டார். பிறகு தாய் மலர் வைப்பா என்று அறிவித்தார்கள். பூத்தட்டை நீட்டினார்கள். அக்கா அதை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் எடுத்தா. மற்றக் கல்லொன்றையும் பார்க்காமல் நேரே கடைசிக் கல்லுக்குப் போனா.

எங்கள் கரையில் மே மாதக் காற்று ஆளைத் தள்ளும். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. வேதக்காரர் எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்தார்கள். என்ன நடக்கப் போகிறதென்று அவர்களுக்கு விளங்கிவிட்டது. பந்தலின் பக்கப் படங்குத் துணியை நான் ஏன் அவிழ்த்தேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. அவிழ்த்துக் காற்றுப் பக்கம் இறக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவது குச்சி பற்றியது. மெழுகைச் சொட்டி, அவருடைய பெயருக்கு நேர் கீழே திரியை நட்டு, குருசு போட்டுக்கொண்டு முழந்தாளில் நின்றா.

தலைவர் மைக்கை விட்டு ஓடிவந்தார். எடு, எடு என்றார். தொட்டு எடுக்க அவருக்கும் கை வரவில்லை. செத்தவருக்கு வைத்த திரியை எரியும்போது பிடுங்குவது அவர்களுக்குப் பெரிய பாவம்.

"மகனுக்கு வச்ச கல் இதுதானாமே, நீங்கதானே சொன்னீங்க" என்றா அக்கா. "இதில இருக்கிற பேரு மகன்ட இல்லாட்டி, திரி அந்தப் பேருக்கு எரியட்டும்."

வந்த பெரியவருக்குத் தமிழ் தெரியாது. தாயின் பக்தி என்று நினைத்து, அவரும் எழும்பி அந்தக் கல்லுக்கு முன்னால் வந்து சல்யூட் அடித்தார். டிவிக்காரர் கிட்ட வந்து எடுத்தார்கள். தலைவர் பக்கத்தில் நின்றார். முகம் வெளுத்தது, ஆனால் இரண்டு கண்ணிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் அக்கா வந்து அங்கேயே ஏற்றினா. காற்றுக்கு வெட்டின போத்தலொன்றை மூடி வைத்தா. ஒவ்வொரு புதன்கிழமையும் தலைவர் அலகோடு வந்து சுரண்டினார். பொலிசுக்குப் போனார், முறைப்பாட்டில் என்னவென்று எழுத என்று கேட்டதும் எழும்பி வந்துவிட்டார். பாதரிடம் போனார். கல்லை மாற்று, நாளைக்கே நின்றுவிடும் என்றார் பாதர்.

ஒரு கல்லை மாற்றினால் முடிகிற காரியம். அதை மட்டும் அவர் செய்யவில்லை. உயிரோடு இருக்கும்போதே தன் பெயருக்குத் திரி எரிவதைப் பார்த்தார், சாவுப் பயத்தில் இளைத்தார், செவ்வாய்க்கிழமைகளில் வீட்டை விட்டு வெளியே வராமல் கிடந்தார். அப்போதும் அந்தக் கல் வேண்டும். இப்படியும் ஒரு ஆசை மனுசனுக்கு இருக்குமா என்று நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது. சுரண்டிச் சுரண்டி பொன்வண்ணம் எல்லாம் போய்விட்டது. எழுத்துக் குழிக்குள் இறங்கிய மெழுகு மட்டும் அலகுக்கு எட்டாமல் நின்றது.

கடைசியில் சீனி வியாதியில் போனார். மகன் இத்தாலியிலிருந்து வரவில்லை. பெரிய செத்தவீடு வைக்கச் சொல்லிக் காசு அனுப்பினான். பெட்டியைத் தூபிக்கு முன்னால் கொஞ்ச நேரம் வைத்தார்கள். என் பந்தல், என் கதிரை, என் மைக். எல்லோரும் சுற்றி நின்றோம். அழுகையை ஆர் தொடங்குவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை வருசமும் தொடங்கி வைத்தவர் பெட்டிக்குள் இருந்தார். மைக் கரகரத்தது. நான் அதை நிறுத்திவிட்டேன்.

அடக்கம் முடிந்த பிறகு தூபிக்கென்று புதுக் கமிட்டி கூடியது. இனியாவது சுருட்டையின் கல்லை வைப்போம் என்று நான் போய்ச் சொன்னேன். செத்தவர்ட கல்லைப் பிடுங்குறது பாவம் என்றார் ஒருவர். இப்ப அவரும் செத்தவர்தானே, இருந்திட்டுப் போகட்டும் என்றார் மற்றவர். தங்கள் பெரிய மனசைக் காட்டுவதற்கு மெழுகுதிரித் தகரத்தை மட்டும் கழற்றினார்கள்.

கமிட்டி சொன்னதை நான்தான் ரீத்தா அக்காவிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. வாடியில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"அப்ப இனி அது அவர்ட இடம்" என்றா. "அவர்ட ஆக்கள் வந்து கொளுத்தட்டும்."

போன மரித்தோர் திருநாளன்று தூபியைச் சுற்றித் தட்டுத் தட்டாகத் திரி எரிந்தது. அந்த இத்தாலிப் பொம்பிளை சொல்லி அனுப்பி ஆரோ வந்து மூன்றாவது கல்லுக்கும் ஏற்றினார்கள். ரீத்தா அக்கா சந்தியில் நிற்கவில்லை. சவக்காலைக்குப் போய், கடல் கொண்டுபோனவர்களோடு சேர்த்து, பெரிய சிலுவையின் காலடியில் மகனுக்கு வைத்துவிட்டு வந்தா. நான் கடை மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் கல்லுக்கு ஒருவரும் வரவில்லை.